போயிட்டு வரேன் என்று சொன்னவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்புகிறவள் இல்லை. எங்கள் ஷெட்டில் புதுச் சூளை கட்டினபோது நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்து வை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள், நான் அந்தப் பழத்தை எல்லாம் பிழிந்து வேலை செய்தவர்களுக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். சாமி கும்பிடுவேன், மாசி மகத்துக்கு ஆற்றில் முழுக்குப் போடுவேன், அது வேறு. செத்தவர் வந்தார், பேசினார் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

விருத்தாசலத்தில் செராமிக் வேலை செய்கிற சின்ன ஷெட்டுகளில் எங்களுடையதும் ஒன்று. பக்கத்து ஷெட்டில் பாய் பியூஸ் கேரியர் செய்கிறார், நாங்கள் வெள்ளை டீ கப் செய்தோம். அச்சில் மண் கூழை ஊற்றிக் கப்பை எடுப்பது, காயவைப்பது, பளபளப்புக்கு மேலே கிளேஸ் பூசுவது எல்லாம் என் பொறுப்பு. சூளையில் அடுக்கிச் சுடுவது என் வீட்டுக்காரர் தனபால். வீடும் ஷெட்டும் ஒரே இடம்தான், முன்னால் வேலை, பின்னால் சமையல். ஒரே பெண் கவிதா, படித்துவிட்டுச் சென்னையில் வேலைக்குப் போகிறாள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. டீயில் சர்க்கரை போடாதே என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் தினம் சண்டை. நான் ஒரு பொட்டுக்கூடப் போட மாட்டேன், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். இவ்வளவு காவல் இருந்தும் வியாதி கண்ணைப் பிடித்துக்கொண்டது. முதலில் மங்கல், அப்புறம் நிழல், கடைசியில் பகலும் ராத்திரியும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. சூளையின் ஓட்டை வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்தே இன்னும் கொஞ்ச நேரம், இப்போது நிறுத்து என்று சொல்கிற மனுஷன், நாற்காலியில் உட்கார்ந்து சுவரைத் தடவுகிறவர் ஆகிவிட்டார். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். வெளியில் காட்டிக்கொள்ளாமல் அவரிடம் எரிந்து விழுவேன், அது என் சுபாவம்.

கண் போனபிறகு அவருக்குப் பிடித்துக்கொண்டது வானம். செல்போனில் வானத்தைப் பற்றிய வீடியோவாகப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். நம் ஆட்கள் நிலாவில் கலத்தை இறக்கின அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து இறங்கிடுச்சா, இறங்கிடுச்சா என்று என்னைப் பிய்த்து எடுத்தார். எனக்கு என்ன தெரியும், ஒரு கோடு கீழே வருது, அவ்வளவுதான் என்றேன். எல்லோரும் கைதட்டுகிற சத்தம் கேட்டு அவர் அழுதேவிட்டார். இன்னொரு நாள் எனக்கு ஒரு பாடமே எடுத்தார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அனுப்பின ஒரு கலம் இப்போது சூரியனையே விட்டு வெளியில் போய்க்கொண்டிருக்கிறதாம், அதனிடம் இங்கிருந்து ஒரு கேள்வி கேட்டால் கேள்வி போய்ச் சேரவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகுமாம், பதில் வர மறுபடியும் அத்தனை நேரமாம், போகப் போக நேரம் கூடிக்கொண்டே போகுமாம். நான் பால் பொங்குது, உங்களுக்கு வானத்தில் என்ன வேலை என்று எழுந்து போனேன். அன்றைக்கு உட்கார்ந்து கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இனிமேல்தான் விஷயம். ஒரு நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம், கரண்ட் இல்லை. நான் வாசலில் கப்புகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தேன். பெண்ணாடம் பக்கத்து வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் சர்ரென்று சாய்ந்து வந்து எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலிக்காத்தான் புதரில் அணைந்தது. எனக்குக் கண் கூசியது, ஆனால் சத்தம் காதில் விழவில்லை. உள்ளே இருந்த அவர் மட்டும் என்னவோ விழுந்துச்சு, பாரு பாரு என்று எழுந்துவிட்டார். மறுநாள் காலையில் போய்த் தேடினேன். கறுப்பாக, வழவழப்பாக, பனங்காய் அளவில் ஒரு கல் கிடந்தது. தூக்கினால் அந்த அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கனம்.

இதை வேறு யாராக இருந்தாலும் போட்டோ எடுத்துப் போட்டிருப்பார்கள், தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். எங்கள் புத்தி எங்கே போகும்? கிளேஸ் அரைக்க எங்களிடம் ஒரு மில் இருக்கிறது, பெரிய உருளை, அதற்குள் கூழாங்கல்லும் கிளேஸ் பொடியும் தண்ணீரும் போட்டு மூடிச் சுற்றவிட்டால் கல் உருண்டு உருண்டு மாவாக அரைத்துவிடும். அந்தக் கூழாங்கல் எல்லாம் தேய்ந்து புளியங்கொட்டையாகிக் கிடந்தது. இந்தக் கனத்துக்கு இது ஒன்று போதுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். இரும்பு கலந்திருந்தால் வெள்ளைக் கப்பில் கரும்புள்ளி விழுந்துவிடும், அதனால் காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒட்டவில்லை. மில்லுக்குள் போட்டு மூடினேன். அரைத்து முடித்துத் திறந்தால் கல்லைக் காணோம். அவ்வளவு கெட்டியான கல் ஒரு துண்டு மிச்சமில்லாமல் கிளேஸோடு கலந்துவிட்டது.

அந்தக் கிளேஸ் பூசின கப்புகளைச் சூளையிலிருந்து எடுத்த அன்றைக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். உள்பக்கமெல்லாம் மிளகைத் தூவினமாதிரி கரும்புள்ளி. திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கை நின்றது. எல்லாக் கப்பிலும் புள்ளிகள் ஒரே இடத்தில் இருந்தன. கைப்பிடிக்கு எதிரில் ஒரு பெரிய புள்ளி, அதற்குக் கீழே வளைவாக ஒரு கூட்டம், அடியில் தனியாக ஒன்று. தெறிக்கிற கறை எங்கேயாவது அச்சடித்தமாதிரி தெறிக்குமா? பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு கப்பைக் கையில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கீழே வைத்துவிட்டுத் தன் ஷெட்டுக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு கப்பைக் கொடுத்து, தடவிப் பாருங்க, புள்ளி தட்டுப்படுதா என்றேன். வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"வசந்தா, இதுக்குள்ள வெளிச்சம் இருக்குது. கருப்பா இருக்குது, அதுல புள்ளி புள்ளியா வெளிச்சம். எனக்குத் தெரியுது, வசந்தா."

எனக்கு வெள்ளையில் கறுப்பு, அவருக்குக் கறுப்பில் வெள்ளை. ஏதோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்துப் புள்ளிகளைக் காட்டச் சொன்னேன், ஒன்றுகூடத் தப்பாமல் தொட்டார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. சுவர் தெரியவில்லை, நான் தெரியவில்லை, அந்தக் கப்பின் உள்பக்கம் மட்டும் தெரிகிறது, தெரிந்தால் போதாதா? கவிதாவுக்குப் போன் போட்டு அழுதேன். அவள் டாக்டரிடம் காட்டலாம் என்றாள். நான் முதலில் ரெண்டு நாள் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் டீ குடித்ததும் அந்தக் கப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துகொள்வார். வேலைக்குக் கிளம்புகிற மாதிரி என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே "போயிட்டு வரேன்" என்பார். எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டோம், சொன்னால் திரும்பி வராத சொல்லாகிவிடும். நானும் விளையாட்டாக, பாத்துப் போங்க, வழியில பேச்சுக் குடுக்காதீங்க என்பேன். திரும்பி வந்து கதை சொல்வார். புள்ளிகள் நகர்கின்றன என்பார். அந்தக் கல் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே தான் திரும்பிப் போவதாகச் சொல்வார். பூமி குண்டுமணி அளவு ஆகிவிட்டதாம், அப்புறம் காணோமாம். சூரியன் நம் சூளை ஓட்டையில் தெரிகிற தீயைப்போலச் சின்னதாகிவிட்டதாம். கல்லும் கல்லுமாகச் சுற்றுகிற இடம், வளையம் போட்ட ஒரு கோள், எதையும் விடவில்லை. எல்லாம் வீடியோவில் கேட்டதுதானே என்று நானும் உம் கொட்டிக்கொண்டு கீரை ஆய்வேன்.

அக்னி நட்சத்திரம் வந்தது. சூளை வைத்திருக்கிற ஷெட்டில் அந்த வெயிலில் நிற்க முடியாது, ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நடப்போம். அவர் கம்பளி கேட்டார். கையைத் தொட்டால் அச்சில் ஊற்றுகிற மண் கூழைத் தொட்டமாதிரி சில்லென்று இருந்தது. காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, வெறும் குளிர்.

அப்போதுதான் இன்னொன்றும் ஆரம்பித்தது. சோறு வைக்கட்டுமா என்று கேட்டால் பதில் இல்லை. நான் வைத்துவிடுவேன், அவர் பாதி சாப்பிட்ட பிறகு "வையி" என்பார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு காதும் போய்விட்டது போல என்று நினைத்தேன். போகப் போக, காலையில் கேட்டதற்கு மத்தியானம் வாய் திறந்தார். கேட்ட எனக்கே கேள்வி மறந்துபோயிருக்கும்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். காதைப் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், குறை ஒன்றும் இல்லை என்றார்கள். டாக்டர் நல்ல பையன், பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உங்க பேர் என்ன, எந்த ஊரு, எங்கயாவது வலிக்குதா, இவங்க யாருன்னு தெரியுதா என்று பொறுமையாகக் கேட்டார். இவர் அந்தக் கப்பை மடியில் பிடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார். மனசு சம்பந்தப்பட்ட டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நானும் சாயங்காலப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ் நெய்வேலி தாண்டியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து, எதிரில் யாரோ இருப்பதுபோல மரியாதையாக "தனபாலுங்க" என்றார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் விட்டு "விருத்தாசலங்க" என்றார். அப்புறம் "வலியெல்லாம் இல்லைங்க, குளிருதுங்க" என்றார். டாக்டர் கேட்ட அதே வரிசை, நடுவில் டாக்டர் விட்ட அதே இடைவெளி. கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாம என்னாங்க, என் பொஞ்சாதிங்க" என்றார்.

பஸ்ஸிலேயே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் சொன்ன அந்தக் கலம், போகப் போகப் பதில் வர நேரம் கூடும் என்ற கதை அப்போதுதான் ஞாபகம் வந்தது. மனுஷன் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஆனால் இங்கே இல்லை. தினமும் போயிட்டு வரேன் என்று சொன்னவர் போன இடத்திலிருந்து திரும்பவில்லை, இன்னும் தூரமாகப் போய்க்கொண்டே இருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் ஒதுக்கிவைத்திருந்த கப்புகளை எல்லாம் பின்னால் உடைசல் குவியலில் போட்டு இரும்புக் கம்பியால் நொறுக்கினேன். அவர் கையில் இருந்த ஒன்றுதான் பாக்கி. அதையும் பிடுங்கி ஓங்கிவிட்டேன். ஓங்கின கை அப்படியே நின்றது. உடைத்தால் திரும்பி வருவாரா, இல்லை, அங்கேயே மாட்டிக்கொள்வாரா? யாரைக் கேட்பது? அவரையேதான் கேட்டேன். கப்ப ஒடச்சுடட்டுமா, ஒடச்சா வந்துடுவீங்களா என்று காதோரம் குனிந்து கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அன்றைக்குப் பதில் வரவில்லை, மறுநாளும் இல்லை. தூங்காமல் கொள்ளாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"ஒடைக்காத வசந்தா. அது வழியாத்தான் ஒன் கொரலு வருது."

அப்புறம் எங்கே உடைப்பது? அந்தக் கப்பைத் துடைத்து அவர் தலைமாட்டில் வைத்தேன். அதற்குள் வாய் வைத்துப் பேசினேன். மழை வரும்போல இருக்குது, பாய் மகளுக்கு நிச்சயம் ஆயிடுச்சு, கவிதா வந்திருக்குறா, இப்படி எதையாவது. கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டேன், பதிலுக்குக் காத்திருப்பது தாங்கவில்லை. ஊட்டினால் சாப்பிடுவார், படுக்கவைத்தால் படுப்பார். உடம்பு மட்டும் குச்சியாகிக்கொண்டே வந்தது. இங்கே உள்ளூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆசைப்பட்டதைக் கொடும்மா, இனிமேல் எதையும் தடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் டீ போடும்போது கப்புக்குள் கேட்டேன், இன்னிக்கு ஒரு நாள் சக்கர போட்டுத் தரட்டுமா என்று. கேட்டுவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போட்டால் என்ன கெட்டுவிடும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அத்தனை வருஷம் காவல் காத்த கை, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் டப்பாவைத் திறக்கவில்லை. பழையபடியே சர்க்கரை இல்லாமல்தான் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், மூச்சு நின்றுவிட்டது. முகம் சுளித்திருக்கவில்லை, ஒன்றும் இல்லை, சும்மா இருந்தார். ஆற்றங்கரையில் கொண்டுபோய் எரித்தோம். சாம்பலை ஆற்றில் கரைத்தோம்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போனபிறகு நானும் கவிதாவும் மட்டும் வீட்டில் இருந்தோம். வெளிச்சம் இன்னும் போகவில்லை, ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவினாள், நான் கட்டிலை மடக்கி வெளியில் போடலாமா என்று அதன் எதிரில் நின்றேன். கப் தலைமாட்டுப் பலகையில் அப்படியே இருந்தது. அந்தக் காலிக் கட்டிலில் இருந்து, அவர் எப்போதும் தலை வைக்கிற இடத்திலிருந்து, குரல் வந்தது.

"போடு. நெறைய போடு."

அடுப்படியில் பாத்திரம் கீழே விழுந்தது. கவிதா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். அப்பா என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நீங்கள் என்னை நம்ப வேண்டாம், அவளைக் கேளுங்கள். கேட்டால் அவள் பேச்சை மாற்றுவாள், அதுதான் சாட்சி.

அடுத்து நான் ஒரு காரியம் செய்தேன். யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் அந்தக் கப்பை எடுத்து உள்ளே முகத்தை வைத்து, எப்பங்க திரும்பி வருவீங்க, வருவீங்களா, வந்துடுங்க என்று கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகுதான் கவிதா என் கையைப் பிடித்து, என்னம்மா கேட்ட, யாருகிட்ட என்னம்மா கேட்ட என்று உலுக்கினாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனால் கேட்டது கேட்டதுதான், அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. இந்த நிமிஷமும் அது அவரைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது.

சூளையை அணைத்தாயிற்று. கவிதா வாரா வாரம் போன் போட்டு, தனியா ஏன் கெடக்குற, எங்கூட வந்து இரும்மா என்று கெஞ்சுகிறாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து என் தம்பி வந்து, ஷெட்டைப் பூட்டிவிட்டு வா என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். எப்படிப் போவேன்? பதில் இந்தக் கட்டிலுக்குத்தான் வரும். வரும்போது கேட்க ஆள் வேண்டாமா? சாயங்காலமானால் சர்க்கரை அள்ளிப் போட்டு ஒரு டீ கலந்து பக்கத்தில் வைக்கிறேன். ஆறும்வரை பார்த்துவிட்டு நானே குடித்துவிடுகிறேன்.

வர மாட்டேன் என்று அவர் சொன்னால் தாங்கிக்கொள்வேன், அதற்கு மனசைத் தயார் பண்ணிவிட்டேன். எனக்குத் தூக்கம் வராதது வேறு ஒன்றை நினைத்து. அவர் அவ்வளவு தூரம் போனவர், இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான் கூப்பிட்ட சத்தம் காதில் விழுந்ததும், இதோ வரேன் என்று கிளம்பிவிட்டால்? அவர் உடம்பை நாங்கள் எரித்துவிட்டோமே.